தொப்பூர் கணவாய்: எந்த கியரில் இறங்குகிறீர்கள்?

பெங்களூரிலிருந்து சேலம் நோக்கி வரும் தேசிய நெடுஞ்சாலை 44, தர்மபுரி வரைக்கும் டிரைவரை அதிகம் சோதிப்பதில்லை. அகலமான சாலை, நீளமான நேர்கோடுகள், நடுவில் அரளிப் பூக்கள். தர்மபுரியைத் தாண்டி பாளையம் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் பணத்தை எடுத்துக்கொண்டதும், காட்சி மாறத் தொடங்கும். இரண்டு பக்கமும் மலைகள் நெருங்கி வருகின்றன. சற்று தூரத்தில் சாலை கீழ்நோக்கிச் சாய்கிறது. தொப்பூர் கணவாய் வந்துவிட்டது.

காரில் போகிற குடும்பத்துக்கு இது கண்ணுக்கு இனிய இடம். பாறைகளும் புதர்க்காடுமாக மலைச்சரிவு, சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள். சேலத்தையும் தர்மபுரியையும் இணைக்கும் ரயில் பாதையும் இதே மலைகளுக்குள் நெளிந்துதான் செல்கிறது. அதியமான் ஆண்ட தகடூர் என்று சொல்லப்படும் தர்மபுரி மேட்டுநிலம். சேலம் அதைவிடத் தாழ்ந்த நிலம். இரண்டுக்கும் நடுவே இயற்கை வைத்த படிக்கட்டுதான் இந்தக் கணவாய். மேலேயிருந்து இறங்கி, அடிவாரத்தில் தொப்பூரைத் தொட்டால், ஒரு சாலை மேட்டூருக்குப் பிரியும். நெடுஞ்சாலை ஓமலூர் வழியாக சேலத்துக்கு நீளும்.

காருக்கு இந்த இறக்கம் சில நிமிட வேலை. பாரம் ஏற்றிய லாரிக்கு அப்படி இல்லை. அதிலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துச் சில மாதங்களே ஆன டிரைவருக்கு, தமிழ்நாட்டுச் சாலைகளில் இதைவிடக் கடினமான பரீட்சை குறைவு.

இரட்டைப் பாலத்தில் நடந்தவை

தினமும் செய்தி படிப்பவர்களுக்கு 'தொப்பூர்' என்ற பெயரோடு சேர்ந்து வரும் இன்னொரு பெயர் 'இரட்டைப் பாலம்'. இறக்கத்தில் வேகம் கூடிய வண்டிகள், வளைவும் பாலமும் சேரும் இந்தப் பகுதியில்தான் கட்டுப்பாட்டை இழக்கின்றன.

2020 டிசம்பர் 12-ம் தேதி, இந்தக் கணவாயில் நின்றும் ஊர்ந்தும் கொண்டிருந்த வாகனங்கள் மீது ஒரு லாரி மோதியது. பன்னிரண்டுக்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றோடொன்று நசுங்கின. 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24-ம் தேதி மாலை, பாலத்தின் மேல் லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதின. ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்தது. வண்டிகள் தீப்பிடித்தன. அன்றும் 4 உயிர்கள் போயின. அந்தக் காட்சி கேமராவில் பதிவாகி, அன்று இரவே பலரின் கைப்பேசிகளுக்கு வந்து சேர்ந்தது.

பெரிய விபத்துகள் செய்தியாகின்றன. சுவரை உரசி நின்ற வண்டிகளும், முன்னால் போன வண்டியின் பின்பக்கத்தில் முட்டி நின்றவையும் கணக்கில்லாமல் உண்டு. 2022-ல் இந்தியா முழுக்கச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் எழும் முதல் கேள்வி, "யார் மேல் தப்பு?" பிரேக் பிடிக்கவில்லை என்பதே பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில். அந்தப் பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, இந்த இறக்கத்தை ஒரு லாரியின் கேபினிலிருந்து பார்க்க வேண்டும்.

நியூட்ரல் என்ற ஆசை

பத்துச் சக்கர லாரி ஒன்று முழுப் பாரத்தோடு 28 டன் வரை எடை இருக்கும். மேட்டிலிருந்து அதை இறக்குவதற்கு டீசலே வேண்டாம், பூமியே இழுத்துக்கொள்ளும். "சும்மா உருள்ற வண்டிக்கு எதுக்கு கியர்?" என்று நியூட்ரலில் போட்டு இறக்கும் பழக்கம் இங்கிருந்துதான் பிறந்தது. டீசல் மிச்சம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். மைலேஜ் குறைந்தால் ஓனரிடம் பதில் சொல்ல வேண்டும் என்ற பயமும் அதில் சேர்ந்திருக்கும்.

நியூட்ரலில் உருளும் வண்டியை எஞ்சின் பிடித்து நிறுத்தாது. முழு எடையும் பிரேக்கின் மேல் விழும். டிரைவர் மிதித்துக்கொண்டே இருப்பார். பிரேக் டிரம்மும் லைனிங்கும் உரசி உரசிச் சூடேறும். ஓர் அளவுக்கு மேல் சூடேறினால், எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் பிடிப்பு குறைந்துவிடும். அடிக்கடி மிதிப்பதால் ஏர் பிரேக்கின் காற்றழுத்தமும் இறங்கும். கருகிய வாசனை வரும். அப்போது பயந்துபோய் கியரைத் தேடினால், ஓடும் வேகத்துக்கு கீழ் கியர் விழாது. 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 60-ஐ எட்டினால், அதை நிறுத்தத் தேவைப்படும் ஆற்றல் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு.

ஆக, 'பிரேக் ஃபெயிலியர்' என்று எழுதப்படும் பல விபத்துகளில் பிரேக் தானாகக் கெட்டுப்போவதில்லை. செய்ய முடியாத வேலையை அதன் தலையில் கட்டியதுதான் காரணம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்போதைய லாரிகளில் நியூட்ரல் டீசலை மிச்சப்படுத்துவதும் இல்லை. மின்னணு முறையில் டீசல் செலுத்தும் எஞ்சின்களில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் டீசல் போவது தானாக நின்றுவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டாலோ எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் செலவாகிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்து லாரியில் ஒருவர் கற்றுக்கொண்ட சிக்கனம், இந்தக் காலத்து லாரியில் வெறும் ஆபத்து.

அனுபவசாலிகளின் விதி எளிமையானது. எந்த கியரில் இந்த மேட்டை ஏறுவாயோ, அதே கியரில் இறங்கு. அதையும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிடு. எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் அதைப் பயன்படுத்து. கால் பிரேக்கை விட்டு விட்டு மிதி. கணவாயில் கனரக வாகனங்கள் 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும் என்ற எச்சரிக்கையும் இந்தக் கணக்கில்தான் வந்தது. பின்னால் வரும் கார் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் இந்த வேகத்தை மாற்றக் கூடாது.

கிளீனர் சீட் காலியானபோது

தொப்பூரைக் கடக்கும் லாரிகளில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பகுதி வண்டிகள் நிறைய. பாடி கட்டும் பட்டறைகள், டேங்கர்கள், டிரெய்லர்கள், முட்டை ஏற்றும் வண்டிகள் என்று லாரியை நம்பியே வாழும் ஊர்கள் அவை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட வட மாநிலங்கள் வரை போகும். "எங்க வீட்டுக்காரர் லைன்ல போயிருக்கார்" என்றால், இருபது நாளோ ஒரு மாதமோ வீட்டில் இருக்க மாட்டார் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் புரியும்.

அங்கே முன்பெல்லாம் யாரும் நேராக டிரைவர் ஆனதில்லை. முதலில் கிளீனர். தார்ப்பாய் கட்டுவது, டயரைத் தட்டிப் பார்ப்பது, மேட்டில் வண்டி நின்றால் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவது, இடப்பக்கம் எட்டிப் பார்த்து "வரலாம்ண்ணே, வரலாம்" என்று குரல் கொடுப்பது. இரவில் டிரைவர் கண் அசந்துவிடாமல் பேச்சுக் கொடுப்பதும் கிளீனரின் வேலைதான். சில வருடம் இப்படிப் போன பிறகு, போக்குவரத்து குறைந்த சாலையில், "தம்பி, கொஞ்சம் பிடிடா" என்று ஸ்டீயரிங் கைக்கு வரும். கணவாய்களை அந்தப் பையன் நூறு தடவை பக்கத்து சீட்டிலிருந்து பார்த்திருப்பான். எங்கே கியர் குறைக்க வேண்டும் என்பது அவன் உடம்புக்கே தெரிந்திருக்கும்.

இன்று பல வண்டிகளில் கிளீனர் சீட் காலி. வருமானம் கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள் ஓனர்கள். கஷ்டப்பட ஆள் வருவதில்லை என்றும் சொல்கிறார்கள். விளைவு, புதிய டிரைவர் தனியாகக் கற்றுக்கொள்கிறார். சட்டப்படி அவருக்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் எடுத்து ஓர் ஆண்டு முடிந்திருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் படித்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்டி உரிமமும் வாங்கியிருப்பார். ஆனால் சமதள மைதானத்தில் எட்டு போட்டவருக்கு 28 டன் பாரத்தோடு தொப்பூர் இறக்கம் எப்படி இருக்கும் என்பது, அதில் இறங்கும்போதுதான் தெரிகிறது.

அதனால் புதிய டிரைவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. தேய்ந்த லைனிங்கை மாற்றாத ஓனர், அளவுக்கு மேல் லோடு ஏற்றியவர், "ராத்திரிக்குள்ள வந்து சேரணும்" என்று போனில் விரட்டியவர் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961, நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையும், 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி நேர ஓய்வும் என்று சொன்னது. லைனில் போகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனாலும், கணவாய் உச்சியில் கியர் லீவரின் மேல் இருக்கும் கை டிரைவருடையது மட்டும்தான். அந்த இடத்தில் அவருக்குப் பதிலாக வேறு யாரும் முடிவெடுக்க முடியாது. வண்டியின் நிலை சரியில்லை என்றால் "இதை எடுக்க மாட்டேன், முதலில் பிரேக்கைப் பார்த்துக் கொடுங்க" என்று சொல்வதும் அவர் கையில் இருக்கிறது. புதியவருக்கு அது எளிதல்ல. வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும். ஆனால் விபத்து நடந்த பிறகு முதல் தகவல் அறிக்கையில் எழுதப்படுவது முதலில் டிரைவரின் பெயர்தான்.

மோதிய பிறகு வரும் பத்து நிமிடம்

எத்தனை கவனமாக இருந்தாலும் விபத்து நடக்கலாம். நடந்துவிட்டால், டிரைவரின் பொறுப்பு அங்கே முடிவதில்லை, இன்னும் கனமாகிறது.

கதவைத் திறந்து ஓடிவிடுவது பலரின் முதல் எண்ணம். அதற்கு மனசாட்சி இல்லாததுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கூட்டம் கூடி அடிக்கும் என்ற பயம் உண்மையானது. அடிபட்டுச் செத்த டிரைவர்களின் கதைகளைக் கேட்காமல் யாரும் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை. மொழி தெரியாத மாநிலத்தில் இருக்கும் 22 வயதுப் பையனுக்கு அந்தப் பயம் இன்னும் அதிகம். தொப்பூரில் இறங்கும் வட இந்திய டிரைவருக்கும், மகாராஷ்டிராவில் ஓட்டும் நாமக்கல் டிரைவருக்கும் அது ஒரே பயம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988 இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. அதன் 134-வது பிரிவு, காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்க டிரைவர் எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தாலோ, தன் கட்டுப்பாட்டில் இல்லாத வேறு காரணத்தாலோ அது முடியாமல் போனால் விலக்கும் தருகிறது. ஆனால் அந்த விலக்கு, மறைந்துபோவதற்கு அல்ல. சம்பவ இடத்தில் போலீஸ் இல்லையென்றால், அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் போய், நடந்ததைச் சொல்ல வேண்டும். ஏன் உதவ முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த இடத்தை விட்டு விலகுவதற்கும் பொறுப்பை விட்டு ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். உயிருக்குப் பயந்து நூறு மீட்டர் தள்ளிப்போனவர்கூட 108-ஐ அழைக்கலாம். அந்த ஓர் அழைப்பு ஒருவரைப் பிழைக்க வைக்கலாம்.

இந்த விஷயம் நாடு முழுக்கப் பேசப்பட்டது 2024 ஜனவரியில். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, கவனக்குறைவாக ஓட்டி மரணத்தை ஏற்படுத்திவிட்டு, தகவல் சொல்லாமல் தப்பி ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்றது. பல மாநிலங்களில் டிரைவர்கள் வேலையை நிறுத்தினார்கள். டேங்கர்கள் ஓடாததால் சில ஊர்களில் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டது. கலந்து பேசாமல் அதை நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று மத்திய அரசு சொன்ன பிறகுதான் போராட்டம் ஓய்ந்தது. 2024 ஜூலை 1-ம் தேதி புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது, அந்த ஒரு பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தினால் 5 ஆண்டு வரை சிறை என்ற 106(1) பிரிவு நடைமுறைக்கு வந்துவிட்டது. நிறுத்தி வைக்கப்பட்டது தண்டனைதான். தகவல் சொல்ல வேண்டிய கடமை 1988-லிருந்தே சட்டத்தில் இருக்கிறது.

விபத்து நடந்தால் டிரைவர் செய்ய வேண்டியவை

1. எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நான்கு இண்டிகேட்டரையும் எரிய விட வேண்டும். பின்னால் வருபவர்களை எச்சரிக்க முக்கோணப் பலகையைத் தள்ளி வைக்க வேண்டும். கணவாயில் இரண்டாவது மோதல்தான் அதிக உயிர்களைக் குடிக்கும்.

2. ஆம்புலன்ஸுக்கு 108. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

3. போலீஸுக்குத் தகவல். அங்கே நிற்பது உயிருக்கு ஆபத்து என்றால், நேராகக் காவல் நிலையத்துக்கு.

4. ஓனருக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். பாலிசி எண், நேரம், இடம், காயமடைந்தவர் விவரம், ஓட்டியவர் பெயர், உரிமம் ஆகியவை எழுத்தில் போக வேண்டும்.

5. ஓட்டியவருக்குப் பதிலாக வேறு ஒருவரை டிரைவர் என்று காட்ட யார் சொன்னாலும் சம்மதிக்கக் கூடாது.

யார் பணம் கட்டுவது?

"மாட்டிக்கிட்டா குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துடும்" என்ற எண்ணமும் டிரைவர்களை ஓட வைக்கிறது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயமாக இருப்பதே இதற்காகத்தான். பாதிக்கப்பட்டவருக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் தொகையை, பாலிசி செல்லுபடியானதாக இருந்தால், பெரும்பாலும் இன்சூரன்ஸ் நிறுவனம்தான் தருகிறது. உரிமம் இல்லாதவர் ஓட்டினால், அல்லது உரிமம் போலி என்றால், நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு ஓனரிடம் திரும்ப வசூலிக்கலாம். அதனால் வேலைக்குச் சேரும் நாளிலேயே தன் உரிமம், வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் நடப்பில் இருக்கின்றனவா என்று கேட்டுப் பார்ப்பது புதிய டிரைவருக்குக் கவசம்.

வண்டி எதுவென்றே தெரியாமல் ஓடிப்போன விபத்தில் என்ன நடக்கும்? 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தின்படி, இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயமடைந்தவருக்கு 50,000 ரூபாய். அவ்வளவுதான். டிரைவர் நின்று தகவல் சொல்லியிருந்தால், இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் ஆகியவற்றைப் பார்த்துத் தீர்ப்பாயம் கணக்கிடும் தொகை பல நேரங்களில் இதைவிடப் பல மடங்கு இருக்கும். ஓடிப்போகிற டிரைவர் தெரிந்தோ தெரியாமலோ ஒரு குடும்பத்தின் அந்த வழியையும் அடைத்துவிடுகிறார்.

தமிழ்நாட்டில் இன்னொரு வசதியும் உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் காயமடைந்த எவருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம். காயமடைந்த டிரைவருக்கும் இது பொருந்தும்.

சின்ன உரசலில் தெரியும் பெரிய விஷயம்

பொறுப்பேற்கும் பழக்கம் பெரிய விபத்து நாளில் திடீரென்று வந்துவிடாது. புதியவர்களின் முதல் வருடத்தில் சின்னச் சின்ன சேதங்கள் நிறைய நடக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது குடோன் சுவரில் இடிப்பது, குறுகலான தெருவில் கண்ணாடி உடைவது, ஓரமாக நின்ற பைக்கைத் தட்டிவிடுவது. பேட்டாவில் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். "நான் எடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சுண்ணே" என்று ஒரு பொய். மறைத்த சேதத்தோடு மறைந்துபோவது, ஏன் இடித்தோம் என்ற பாடமும்தான்.

விவரம் தெரிந்த ஓனர்கள் இதைப் புரிந்துவைத்திருக்கிறார்கள். சொல்லிவிட்டவனைத் திட்டினாலும் வேலையில் வைத்துக்கொள்வார்கள். மறைத்தவன் சிக்கும்போதுதான் அனுப்புவார்கள். பிரேக் லேசாக ஒரு பக்கம் இழுக்கிறது என்பதை இன்று சொல்லத் தயங்காத டிரைவரால்தான், அந்த வண்டி அடுத்த டிரிப்பில் தொப்பூர் இறக்கத்தைப் பத்திரமாகக் கடக்கும்.

டிரைவரின் வீட்டுக்கும் இதில் வேலை இருக்கிறது. "எப்போ வருவீங்க?" என்று கேட்கும் போனை, வண்டி ஓடும்போது செய்யாமல் இருக்கலாம். "ஏதாவது ஆனா ஓடிடாதீங்க, முதல்ல எனக்குப் போன் பண்ணுங்க" என்று ஒரு தடவை சொல்லி வைக்கலாம். அப்பா, அம்மா, மனைவி யாராவது தன் பக்கம் நிற்பார்கள் என்ற தைரியம் இருப்பவர், பதற்றத்திலும் சரியான முடிவை எடுப்பார்.

அடிவாரத்தில்

தொப்பூரில் இப்போது எச்சரிக்கைப் பலகைகள் அதிகம். சாலையின் குறுக்கே அதிரும் பட்டைகள் போட்டிருக்கிறார்கள். கணவாயின் ஆபத்தான பகுதிக்கு உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டத்துக்கும் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அது முடிந்தால் சரிவும் வளைவும் குறையும். சாலையைச் சரிசெய்ய வேண்டியது அரசின் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்க வேண்டியதும் அவசியம்.

அதுவரையில் ஆயிரக்கணக்கான வண்டிகள் தினமும் இதே சரிவில்தான் இறங்கப்போகின்றன. உச்சியில் வண்டியை ஓரங்கட்டி, டயரைத் தட்டிப் பார்த்து, காற்று மீட்டரைக் கவனித்து, முகம் கழுவிக்கொண்டு, கீழ் கியரில் புறப்படுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அப்படி இறங்கும் லாரிக்குப் பின்னால் நம் கார் மாட்டிக்கொண்டால், ஹாரன் அடிக்க வேண்டாம். அந்த டிரைவர் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறார்.